கச்சான் அடித்தால் 12 விநாடி, கடல் அமைதியானால் 20 விநாடி: டிசிபி மறு அனுப்பல் டைமரில் எங்கே கோளாறு?

பாம்பன் தராசு | ஜூலை 8, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பத்து நாளாக ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

பாம்பனில் ஒரு நண்டுக் கொட்டகைக்கு எடைத் தராசுகளைக் கணினியோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். நாட்டுப்படகுக்காரர்கள் கூடையோடு நண்டைக் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். எடை கணக்கு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவாகி, ரசீது எண் திரும்பி வந்தால்தான் தராசின் தலையில் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகே கூடையை இறக்கலாம். அலுவலகம் மண்டபம் பக்கம் இருக்கிறது. நடுவே கடல். கரைக்குக் கரை சுமார் மூன்று கிலோமீட்டருக்கு ரேடியோ இணைப்பு போட்டிருக்கிறோம். அது அறுந்தால் மொபைல் மோடத்துக்கு மாற வேண்டும்.

மாறுவதற்கு நான் நம்பியிருப்பது டிசிபி (பாக்கெட்டுக்கு ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்பும் இணைய நெறிமுறை) தரும் யூசர் டைம்அவுட். சாக்கெட்டில் 10,000 மில்லி விநாடி என்று வைத்திருக்கிறேன். பத்து விநாடிக்குள் ஒப்புகை வராவிட்டால் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) இணைப்பை முறிக்கும், என் நிரல் மோடம் வழியாகப் புதிதாக இணையும். கணக்கு அவ்வளவுதான்.

நடப்பது வேறு. கடல் கண்ணாடி போலக் கிடக்கும் நாளில் மாறுவதற்கு 19, 20 விநாடி ஆகிறது. கச்சான் காற்று வீசி, ரேடியோ கம்பமே ஆடும் நாளில் 11.6-இலிருந்து 12.3 விநாடிக்குள் மாறிவிடுகிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

நேற்றுக் காலை நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஓர் அம்மா கூடையை வைத்தார். திரையில் 4.350 என்று வந்து நின்றது. சிவப்பு விளக்கு. பின்னால் பதினைந்து பேர். வெயில் ஏற ஏற நண்டு சாகும், செத்த நண்டுக்கு விலை இல்லை. இருபது விநாடி என்பது எழுதும்போது சிறியது, வரிசையில் நிற்பவருக்குச் சிறியதல்ல. கணக்குப்பிள்ளை பொறுமையிழந்து சீட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். சீட்டில் எழுதினால் பிறகு எடையில் தகராறு வரும். அதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாட்டையே செய்தோம்.

தராசுப் பக்கம் என் நிரல் ஓடும் பெட்டியில் இருப்பது லினக்ஸ் 4.14 கெர்னல், ஹெச்இசட் 100. அதாவது கெர்னலின் துடிப்பு 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை. டைமர் இவ்வளவு முரடாக இருப்பதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். ஹெச்இசட் 1000 என்று மாற்றிக் கெர்னலைப் புதிதாகத் தொகுத்தால் சரியாகுமா?

கீழக்கரைவாசி | ஜூலை 8, இரவு 10.15

நிச்சயம் மாற்றுங்கள். 2006-இல் 2.6.16 கெர்னலிலேயே நானோ விநாடிக் கணக்கில் ஓடும் உயர் துல்லிய டைமர்கள் வந்துவிட்டன. இன்னும் 10 மில்லி விநாடித் துடிப்பை வைத்துக்கொண்டு வலைப்பின்னல் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டு தரவு மையத்தில் வேலை பார்த்தவன் நான். டைமர் துல்லியம் இல்லாததால் வரும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

சாயல்குடி 87 | ஜூலை 8, இரவு 10.32

டிசிபிடம்ப் (பாக்கெட்டுகள் போகும் நேரத்தின் பதிவு) எடுத்துப் போடுங்கள் தம்பி. இடைவெளிகளைப் பார்க்காமல் எதையும் தொகுக்க வேண்டாம்.

பாம்பன் தராசு | ஜூலை 9, பகல் 12.05

அண்ணன் சொன்னபடி எடுத்துவிட்டேன். இன்று காற்று இல்லை. மண்டபம் பக்க ரேடியோவின் மின்சாரத்தை நானே நிறுத்தி, பெட்டியின் வெளிமுனையில் பிடித்தேன். முதல் பாக்கெட் போன நேரத்தை 0 என்று வைத்தால், அதே பாக்கெட் மறுபடி மறுபடி போன நேரங்கள், விநாடியில்:

0.31, 0.62, 1.23, 2.48, 4.93, 9.79

அதன் பிறகு எதுவும் போகவில்லை. 19.87-இல் என் நிரலுக்கு இணைப்பு முறிந்தது என்று பிழை வந்தது. இணைப்பு உயிரோடு இருந்தபோது எஸ்எஸ் கட்டளை காட்டிய ஆர்டிஓ 300 மில்லி விநாடி. கச்சான் நாளில் எடுத்து வைத்த பழைய குறிப்பில் ஆர்டிஓ 360 என்று இருக்கிறது.

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 9, இரவு 8.50

தம்பி, அந்த 9.79 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஆர்டிஓ என்பது மறு அனுப்பலுக்கு முன் காத்திருக்கும் நேரம். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அது இரட்டிப்பாகும். 0.3, 0.6, 1.2, 2.4, 4.8, 9.6. உங்கள் இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள், இதே வரிசைதான், கொஞ்சம் கொசுறோடு.

இப்போது யூசர் டைம்அவுட்டுக்கு வருவோம். உங்கள் கெர்னலில் அதற்கென்று தனியாக ஒரு டைமர் கிடையாது. மறு அனுப்பல் டைமர் எப்போது சுடுகிறதோ, அதாவது அதன் நேரம் எப்போது முடிகிறதோ, அப்போது மட்டும் கெர்னல் ஒரு கேள்வி கேட்கும்: "பத்து விநாடி ஆகிவிட்டதா?" 9.79-இல் கேட்டது. இன்னும் ஆகவில்லை என்று விடை வந்தது. பாக்கி மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் ஆகவில்லை என்பது ஆகவில்லைதான். சரி என்று பாக்கெட்டை இன்னொரு முறை அனுப்பிவிட்டு, காத்திருப்பை இரட்டிப்பாக்கி 9.6 விநாடித் தூக்கத்துக்குப் போய்விட்டது. 19.87-இல் விழித்துக் கேட்டபோதுதான் பத்து விநாடி என்றோ கடந்துவிட்டது தெரிந்தது.

கச்சான் நாளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். ஆர்டிஓ 0.36. முதல் இரண்டு இடைவெளி 0.36, பிறகு 0.72, 1.44, 2.88, 5.76. கூட்டினால் 11.52. அந்த விழிப்பில் கேட்டபோது பத்து விநாடி தாண்டியிருந்தது, உடனே முறித்துவிட்டது. கொசுறையும் சேர்த்தால் நீங்கள் சொன்ன 11.6 முதல் 12.3 வரை. காற்று உங்களுக்கு உதவி செய்யவில்லை. பத்து விநாடி என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் விழித்ததா, அந்தப் பக்கம் விழித்ததா என்பதுதான் வித்தியாசம்.

பழைய பாம்பன் பாலத்தில் காற்றுவேகமானி இருந்தது நினைவிருக்கிறதா? மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும், ரயில் பாலத்தில் ஏறாது. அது ஓயாமல் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி. உங்கள் யூசர் டைம்அவுட் அப்படி அல்ல. அவ்வப்போது கண்விழித்துக் காற்றைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் தூங்கப்போகிற காவல்காரர். அவர் கையில் எவ்வளவு நல்ல கடிகாரத்தைக் கொடுத்தாலும் இதில் பயன் இல்லை.

மண்டபம் முகாம் மாணவன் | ஜூலை 9, இரவு 9.20

அக்கா, இரட்டிப்பாகும் என்கிறீர்கள். ஆனால் முதல் இரண்டு இடைவெளியும் 0.31 என்று ஒரே அளவாக இருக்கின்றனவே? இரண்டாவது 0.6 ஆக இருக்க வேண்டாமா?

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 9, இரவு 9.41

நல்ல கண் உனக்கு. முதலில் போனது ஆர்டிஓ மறு அனுப்பல் அல்ல, வால் இழப்புச் சோதனை. வரிசையின் கடைசிப் பாக்கெட்டுக்கு ஒப்புகை வராவிட்டால், ஆர்டிஓ என்ற பெரிய தண்டனைக்குப் போகும் முன் ஒருமுறை மெதுவாகத் தட்டிப் பார்க்கும் வழி. லினக்ஸில் 2013-இல், 3.10 கெர்னலில் வந்தது. அது தோற்றால் ஆர்டிஓ புதிதாகத் தொடங்கும், அதனால்தான் இரண்டாவது இடைவெளியும் அதே அளவு. இரட்டிப்பு அதற்குப் பிறகுதான்.

கீழக்கரைவாசி | ஜூலை 9, இரவு 10.30

விளக்கம் நன்றாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொசுறு கொசுறு என்று தள்ளிவிட்டுப் போகிறீர்களே, அதை நான் விடமாட்டேன். கடைசி இடைவெளி 9.6 ஆக இருக்க வேண்டியது 10.08 ஆக இருக்கிறது. கிட்டத்தட்ட அரை விநாடி! ஹெச்இசட் 100 என்றால் பிழை 10 மில்லி விநாடிதானே இருக்க வேண்டும்? 480 மில்லி விநாடி எங்கிருந்து வந்தது? இதைத்தான் துல்லியக் குறைவு என்கிறேன்.

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 10, காலை 6.15

காக்கா, மிகச் சரியான இடத்தைப் பிடித்தீர்கள். இரவே எழுத நினைத்தேன், முடியவில்லை.

அந்தப் பிழை தற்செயல் அல்ல, திட்டமிட்டே விடப்பட்டது. 2016-இல் 4.8 கெர்னலில் டைமர் சக்கரத்தை, அதாவது டைமர்களைச் சுடும் நேரப்படி அடுக்கி வைக்கும் அமைப்பை, மாற்றி அமைத்தார்கள். தாமஸ் கிளைக்ஸ்னர் செய்த வேலை. சக்கரத்தில் பல நிலைகள், நிலைக்கு 64 அறைகள். கிட்டத்தில் சுட வேண்டிய டைமர்கள் கீழ்நிலையில் குறுகலான அறைகளில் இருக்கும். தூரத்து டைமர்கள் மேல்நிலைக்குப் போகும், ஒரு நிலை ஏறினால் அறையின் அகலம் எட்டு மடங்காகும். பழைய சக்கரத்தில் நேரம் நெருங்க நெருங்க டைமரை மேலிருந்து கீழே இறக்கி இறக்கித் துல்லியமாக்குவார்கள். புதியதில் இறக்குவதே இல்லை. எந்த அறையில் போட்டார்களோ அந்த அறையின் முறை வரும்போதுதான் சுடும். முந்திச் சுடாது, பிந்தும். பிந்துவது அதிகபட்சம் 12.5 விழுக்காடு.

உங்கள் பெட்டியின் ஹெச்இசட் 100-இல் 630 மில்லி விநாடி வரை அறை அகலம் 10 மில்லி விநாடி. அதற்கு மேல் 5.11 விநாடி வரை 80. அதற்கு மேல் சுமார் 41 விநாடி வரை 640. தம்பியின் 9.6 விநாடி டைமர் 640 அகலமுள்ள அறையில் விழுந்தது. 480 பிந்தியது அதனால்தான். மேலே உள்ள இடைவெளிகளை எல்லாம் இந்தக் கணக்கில் வைத்துச் சரிபாருங்கள், ஒன்றுகூடத் தப்பாது.

இப்போது நீங்கள் சொன்ன ஹெச்இசட் 1000-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 4.1 விநாடியிலிருந்து 32.8 விநாடி வரை அறை அகலம் 512 மில்லி விநாடி. துடிப்பைப் பத்து மடங்கு வேகமாக்கியும் இந்த டைமருக்கு 640 என்பது 512 ஆகும், அவ்வளவுதான். வியப்பு என்னவென்றால், ஹெச்இசட் 250-இல் இதே 9.6 விநாடி 256 அகலமுள்ள அறையில் விழும். இந்த ஒரு டைமருக்கு 1000-ஐவிட 250 துல்லியமானது! துடிப்பு எண்ணைப் பார்த்து டைமரின் துல்லியத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். மறு அனுப்பல் டைமர் என்பது சுடுவதற்காக வைக்கப்படுவது அல்ல. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வைக்கிறோம், ஒப்புகை வந்ததும் தள்ளிப்போடுகிறோம். ஆயிரக்கணக்கான இணைப்புகள் உள்ள சர்வரில் விநாடிக்கு எத்தனை முறை இது நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சுடுவது அபூர்வம். அது சுடும்போது கொஞ்சம் பிந்தினாலும், ஏற்கெனவே ஏதோ கெட்டுப்போன வேளையில்தான் பிந்துகிறது. அபூர்வமாகச் சுடுகிற டைமருக்கு மில்லி விநாடித் துல்லியம் கொடுக்க, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் விலை கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன், அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

தொண்டி ஆசிரியர் | ஜூலை 10, பிற்பகல் 3.30

நல்ல விவாதம். இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முரட்டுக் கடிகாரத்தோடு டிசிபி வாழக் கற்றுக்கொண்டது இன்று நேற்று அல்ல.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைய வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கிலோபிட் அல்ல, வெறும் 40 பிட். இரண்டுக்கும் தூரம் நானூறு கெஜம்தான். வான் ஜேகப்சன் அதைத் துருவிப் பார்த்து 1988-இல் எழுதிய கட்டுரைதான் இன்றைய ஆர்டிஓ கணக்கின் அடித்தளம். அவர் கண்ட காரணங்களில் ஒன்று, அனுப்புபவர்கள் பொறுமையின்றி மறுபடி மறுபடி அனுப்பியது. போய்ச் சேராத பாக்கெட்டை அல்ல, வழியில் வந்துகொண்டிருந்த பாக்கெட்டையே மறுபடி அனுப்பினார்கள். நெரிசல் இன்னும் கூடியது.

அவர் சொன்ன வழி, சராசரிப் பயண நேரத்தை (பாக்கெட் போய் ஒப்புகை திரும்பும் நேரம்) மட்டும் பார்க்காதே, அது எவ்வளவு முன்பின் ஆகிறது என்பதையும் பார். சராசரியோடு அந்த ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டு. இதற்குத் திட்ட விலக்கம் வேண்டாம், வர்க்கமூலம் போட வேண்டிவரும். சராசரி விலக்கம் போதும் என்றார். புதிய அளவீட்டுக்கு எட்டில் ஒரு பங்கும் விலக்கத்துக்கு நான்கில் ஒரு பங்கும் எடை கொடுத்தார். எட்டும் நான்கும் ஏன் தெரியுமா? வகுக்காமல் பிட்டுகளை நகர்த்தியே கணக்கை முடித்துவிடலாம். அந்தக் காலக் கணினியின் மீதிருந்த அக்கறை ஒவ்வொரு எண்ணிலும் தெரிகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அன்றைய பிஎஸ்டி யூனிக்ஸில் இந்த டைமரின் துடிப்பு எவ்வளவு? 500 மில்லி விநாடி. அரை விநாடி! தம்பியின் பெட்டியைவிட ஐம்பது மடங்கு முரடு. அதை வைத்துக்கொண்டுதான் இணையம் சரிவிலிருந்து மீண்டது.

2011-இல் வந்த ஆர்எஃப்சி 6298 என்ற இணையத் தர ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கு, அல்லது கடிகாரத்தின் துடிப்பு அளவு, இரண்டில் எது பெரிதோ அதைக் கூட்டு என்கிறது. முரட்டுக் கடிகாரம் அளந்தால் எல்லாப் பயணமும் ஒரே நேரம் எடுத்ததுபோலத் தெரியும், ஏற்ற இறக்கம் சுழி என்று வரும், ஆர்டிஓ சராசரியோடு ஒட்டிக்கொண்டு அநியாயமாகச் சுடும். அதைத் தடுக்கத்தான் துடிப்பு அளவைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்தார்கள். அந்த ஆவணம் ஆர்டிஓ ஒரு விநாடிக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. லினக்ஸ் 200 மில்லி விநாடி வரை இறங்குகிறது.

டைமர் சக்கரம் என்ற யோசனையும் பழையதுதான். ஜார்ஜ் வர்கீசும் அந்தோணி லாக்கும் 1987-இல் எழுதியது.

மண்டபம் முகாம் மாணவன் | ஜூலை 10, மாலை 5.10

சார், சராசரியும் ஏற்ற இறக்கமும் தனித்தனியாக எதற்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சராசரியை இரண்டால் பெருக்கினால் போதாதா?

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 10, மாலை 6.40

சார் அனுமதித்தால் நான் சொல்கிறேன். என் அப்பா வள்ளத்தில் போனவர். அம்மா ஒருநாளும் "எத்தனை மணிக்கு வருவார்" என்று மட்டும் பார்த்ததில்லை. மாசி, பங்குனியில் காலை எட்டுக்கு வர வேண்டியவர் எட்டேகாலுக்கு வரவில்லை என்றால் கரைக்குப் போய்விடுவார். வாடைக் காலத்தில் எட்டு மணி பத்தானாலும் அடுப்பைவிட்டு எழமாட்டார், ஏனென்றால் அந்தக் காலத்தில் இரண்டு மணி நேரம் முன்பின் ஆவது வழக்கம். வரும் நேரம் ஒன்று, அது எவ்வளவு ஆடும் என்பது வேறொன்று. இரண்டால் பெருக்கினால் வாடையில் தேவையில்லாமல் பதறுவோம், பங்குனியில் பதற வேண்டிய நேரத்தில் சும்மா இருப்போம்.

தம்பியின் ரேடியோவிலும் இதுதான் நடந்தது. கம்பம் ஆடும் நாளில் ரேடியோ தன் மட்டத்திலேயே மறு முயற்சிகள் செய்யும், வேகத்தைக் குறைக்கும். பயண நேரம் ஆடும், ஆர்டிஓ 300-இலிருந்து 360-க்கு ஏறும். போதாக்குறைக்குக் கடல்மேல் போகும் அலை தண்ணீரிலும் பட்டுத் திரும்பும். நேர் அலையும் திரும்பிய அலையும் சேரும் விதம் நீர்மட்டத்தோடு மாறும், அதனால் ஏற்ற வற்றத்துக்கும் சிக்னலுக்கும் தொடர்பு உண்டு.

கீழக்கரைவாசி | ஜூலை 10, இரவு 10.05

ஹெச்இசட் பற்றி நான் சொன்னது இங்கே பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். தம்பி, தொகுக்க வேண்டாம்.

ஆனால் துல்லியம் தேவையே இல்லை என்று இங்கே படிக்கும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. தரவு மையத்தில் இரண்டு கணினிக்கு இடையே பயண நேரம் நூறு மைக்ரோ விநாடிக்குள் இருக்கும். ஒரு கணினி ஒரே நேரத்தில் நாற்பது கணினிகளிடம் கேட்கும், நாற்பதும் ஒரே நேரத்தில் பதில் அனுப்பும், சுவிட்சின் நினைவகம் நிரம்பிச் சில பாக்கெட்டுகள் விழும். அப்போது 200 மில்லி விநாடி காத்திருப்பது என்றால் இரண்டாயிரம் பயணங்களுக்கான நேரத்தை வீணாக்குவது. இணைப்பு முழுவதும் வெறுமனே கிடக்கும். 2009-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் இதைத்தான் ஆராய்ந்து, குறைந்தபட்ச ஆர்டிஓவைத் தளர்த்தி மைக்ரோ விநாடித் துல்லியமுள்ள டைமர்களைக் கொண்டு மறு அனுப்பினால் அந்தச் சரிவு தீரும் என்று காட்டினார்கள். நான் கண்ணால் பார்த்த துன்பம் அது. டைமரின் துல்லியம் பயண நேரத்தோடு ஒப்பிட வேண்டிய ஒன்று. மூன்று கிலோமீட்டர் கடலுக்கு 10 மில்லி விநாடி போதும். ஒரே அலமாரியில் அடுக்கிய சர்வர்களுக்குப் போதாது.

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 10, இரவு 10.20

காக்கா சொல்வது முழு உண்மை. எதிர்வாதம் இல்லை.

பாம்பன் தராசு | ஜூலை 11, காலை 7.50

எல்லாம் புரிகிறது அக்கா, மிக்க நன்றி. இப்போதைக்கு யூசர் டைம்அவுட்டை 9,000 என்று குறைத்தால் போதுமா? 9.79-இல் விழிக்கும்போது ஒன்பது விநாடி தாண்டியிருக்குமே.

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 11, காலை 8.30

ஆர்டிஓ 300 என்று இருக்கும் வரை சரி. நாளை அது 270 ஆனால்? 0.27-இலிருந்து இரட்டித்துக்கொண்டே போனால் 8.64-ஐ ஒட்டி விழித்து, ஒன்பது ஆகவில்லை என்று மறுபடி தூங்கப்போகும். பிறகு 17.3. எந்த எண்ணை வைத்தாலும் அதற்குச் சற்று முன்னால் விழிக்கிற ஓர் ஆர்டிஓ இருக்கவே செய்யும். வைத்த நேரத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை இழுத்துவிடும்.

சரியான மருந்து 2018-இல் 4.19 கெர்னலில் வந்தது. அடுத்த தூக்கத்துக்குப் போகும் முன், யூசர் டைம்அவுட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்த்து, ஆர்டிஓ அதைவிடப் பெரிதாக இருந்தால் பாக்கி நேரத்துக்கு வெட்டிவிடுவார்கள். சில வரி நிரல்தான். டைமரின் துல்லியத்தில் கை வைக்கவே இல்லை. உங்கள் பெட்டிக்குப் புதிய கெர்னல் ஏற்ற முடியுமா என்று பாருங்கள்.

சாயல்குடி 87 | ஜூலை 11, காலை 9.15

கெர்னலை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் மக்களின் பொறுமையைக் கெர்னலின் டைமரிடம் ஒப்படைக்காதீர்கள். ஒப்புகை வந்தது என்றால் எதிர்ப் பக்கக் கணினியின் கெர்னல் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். கணக்கு நிரல் எழுதிவிட்டது என்று பொருள் அல்ல. உங்களுக்கு வேண்டியது ரசீது எண். அது நான்கு விநாடிக்குள் வராவிட்டால் நிரலே சாக்கெட்டை மூடிவிட்டு மோடத்துக்குப் போகட்டும். யூசர் டைம்அவுட் இரண்டாவது காவலாக இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. நான்கு விநாடியை அளக்கச் சுவர்க் கடிகார நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள், தேதி மாற்றப்பட்டாலும் தாவாமல் முன்னோக்கி மட்டும் எண்ணும் மோனோடானிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். ஓர் உப்பளத்தில் பம்பு நிறுத்தும் பெட்டி வைத்தேன். அதில் கடிகார பேட்டரி கிடையாது. கரன்ட் போய் வந்ததும் நேரம் பழைய தேதியில் தொடங்கி, இணையம் கிடைத்ததும் ஒரே தாவலில் முன்னே குதித்தது. என் நிரல் பல மாதம் கடந்துவிட்டது என்று எண்ணிப் பம்பை நிறுத்திவிட்டது. பாத்திக்குத் தண்ணீர் ஏறாமல் ஒரு நாள் வேலை கெட்டது. அந்தத் தவறு என்னுடையது, இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்று, ரேடியோ வழியாகப் போன எடை உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கும், ரசீது மட்டும் திரும்பி வராமல் போயிருக்கும். மோடம் வழியாக அதே எடை மறுபடி போனால் ஒரே கூடைக்கு இரண்டு கணக்கு. ஒவ்வொரு எடைக்கும் தராசிலேயே ஒரு வரிசை எண் கொடுங்கள். அலுவலகம் அதே எண்ணை மறுபடி பார்த்தால் புதிதாக எழுதாமல் பழைய ரசீதையே திருப்பி அனுப்பட்டும்.

மண்டபம் முகாம் மாணவன் | ஜூலை 11, காலை 9.40

யூசர் டைம்அவுட் வைக்கவே இல்லை என்றால் எவ்வளவு நேரம் அண்ணா?

சாயல்குடி 87 | ஜூலை 11, காலை 9.52

லினக்ஸின் இயல்பான அமைப்பில் பதினைந்து மறு முயற்சி. ஆர்டிஓ 200 மில்லி விநாடியில் தொடங்கினால் 924.6 விநாடி. கால் மணி நேரத்துக்கு மேல்.

பாம்பன் தராசு | ஜூலை 16, இரவு 9.05

ஐந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பெட்டிக்குத் திறந்த மூல ஃபர்ம்வேர் கிடைத்தது, 5.10 கெர்னல். ஹெச்இசட் 100-ஐத் தொடவில்லை. முதலில் நிரலை மாற்றாமல், 10,000 என்ற பழைய அமைப்போடு ரேடியோவை நிறுத்திப் பார்த்தேன். அமைதியான நாளில் 10.31 விநாடி. நேற்றுக் கச்சான் நன்றாக அடித்தது, 10.42. இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசம் கையளவாகச் சுருங்கிவிட்டது.

அக்கா, அந்த மேல்மிச்சம் 0.3 எதனால்?

தங்கச்சிமடத்து மகள் | ஜூலை 16, இரவு 9.30

பத்து விநாடியை முதல் பாக்கெட் போன நேரத்திலிருந்து எண்ணவில்லை தம்பி, முதல் மறு அனுப்பலிலிருந்து எண்ணுகிறது. உங்கள் முதல் மறு அனுப்பல் 0.31-இல். கச்சான் நாளில் அது 0.36-இல் தொடங்கும். மீதி, பாக்கி நேரம் 80 மில்லி விநாடி அறையில் விழுந்ததால் வந்த கொசுறு.

பாம்பன் தராசு | ஜூலை 16, இரவு 10.10

சரியாகப் பொருந்துகிறது.

சாயல்குடி அண்ணன் சொன்னபடி ரசீதுக்கு நான்கு விநாடி, மோனோடானிக் கடிகாரம், வரிசை எண் மூன்றையும் இன்று காலை ஏற்றினேன். 7.20-க்கு வற்றம், ரேடியோ தானாகவே அறுந்தது. கூடை தராசில் இருந்தது, 3.180 கிலோ. சிவப்பு விளக்கு எரிந்தது, நான் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் பச்சை. அலுவலகப் பதிவில் பிறகு போய்ப் பார்த்தேன், அந்த வரிசை எண் இரண்டு முறை வந்திருந்தது. எடை ஒருமுறைதான் ஏறியிருக்கிறது.